மலை தெரிகிற படத்தை நம்பி ஓவர்லாக் மெஷினுக்குப் பணம் அனுப்பியது குறித்து

அனுப்புநர்
கு. மணிமொழி, த/பெ குமரேசன்,
பதினொன்றாம் வகுப்பு செல்லவிருப்பவர்,
எழில் தையலகம், கிரிவலப் பாதை,
அடி அண்ணாமலை, திருவண்ணாமலை.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
திருவண்ணாமலை.

பொருள்: பழைய ஓவர்லாக் தையல் மெஷின் வாங்குவதில் ரூ.14,000 ஏமாந்தது – 15.05.2025 அன்று என் அப்பா கொடுத்த மனுவில் உள்ள ஒரு தவறைத் திருத்துவது – முத்திரையிட்ட ரசீது வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்த அனைத்தையும் நடந்தபடியே எழுதுகிறேன். எங்களுக்குச் சாதகமில்லாதவற்றையும் விடவில்லை. பேசியவர்கள் பேசியதை அப்படியே எழுதியிருப்பதால் சில இடங்களில் நடை சரியாக இருக்காது. அதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். அப்பாவின் மனுவை அலுவலக வாசலில் மனு எழுதுபவர் எழுதினார். அது நான்கு வரி மட்டுமே. அதற்கு ரசீது எதுவும் தரப்படவில்லை.

1. என் அம்மா எழிலரசி தையல் வேலை செய்கிறார். ஒரு நர்சரி பள்ளியிலிருந்து எழுபது செட் சீருடை தைக்கும் வேலை இந்த ஆண்டுதான் முதல்முறையாகக் கிடைத்தது. துணியின் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துத் தர வேண்டும் என்பது பள்ளியின் நிபந்தனை. அம்மாவிடம் கால் மெஷின் மட்டுமே உள்ளது.

2. எனவே பழைய பொருள்கள் விற்கும் செயலியில் தேடினோம். 06.05.2025 அன்று அப்பா ஒரு விளம்பரத்தைக் கண்டார். மொட்டை மாடியில் ஓவர்லாக் மெஷின், பின்னால் நம் மலை. "மலை தெரியுதே, நம்ம ஊர்தான்" என்றார் அப்பா. விற்பவர் தன் பெயர் பரசுராமன் என்றார். வேலூரில் இருப்பதாகவும், மெஷின் வேங்கிக்காலில் உறவினர் வீட்டில் இருப்பதாகவும் கூறினார். நேரில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "வீடு பூட்டிக்கீது, சாவி என்னாண்ட இருக்குது. பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றேன், அப்ப வண்டில ஏத்தி உங்க கடைக்கே அனுப்பறேங்க" என்றார்.

3. முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதால், நூலகத்தில் செய்தித்தாள்களைப் படித்து மூன்று விதிகளை எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவை: (அ) பொருளை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்த பிறகே பணம். (ஆ) முன்பணம் கிடையாது. (இ) பணம் பெறும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா படித்துப் பார்த்து மெச்சினார். வேன் வாடகைக்கு இரண்டாயிரம் முன்பணம் கேட்கப்பட்டபோது, விதி (ஆ)-வைச் சொல்லி மறுத்தும் விட்டார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

4. 12.05.2025, சித்ரா பௌர்ணமி. மாலை ஐந்து மணிக்கு அந்த நபர் அழைத்தார். பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவர் பேசியது: "நான் குபேர லிங்கத்தாண்ட நடந்துக்கினு இருக்கேங்க. கால்ல செருப்பு கூட இல்ல. வண்டிய வேங்கிக்கால்லயே போலீஸ் நிறுத்திட்டாங்க. பணம் வந்தா இங்கயே ஓரமா இறக்கிட்டுப் போறேன், இல்லன்னா திருப்பிக்கினு போறேன்றான் டிரைவரு."

ஐயா, பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை அனுமதிப்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. என் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அன்று அவரது ஆட்டோவும் வீட்டில்தான் நின்றது. "அது நெஜந்தான், என் வண்டியவே வுடல" என்றார். அந்த நபர் சொன்னதில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

5. நான் விதி (அ)-வை நினைவூட்டினேன். "நீ எழுதினது மத்த நாளுக்குமா. இன்னிக்கு பௌர்ணமி" என்றார் அப்பா. "செருப்பில்லாம மலைய சுத்தறவரு நம்மகிட்ட பொய் சொல்லுவாரா?" என்றார் அம்மா. அந்த நபர் அனுப்பிய கியூஆர் கோடில் காசியம்மாள் என்ற பெயர் வந்தது. விதி (இ)-யைச் சொன்னேன். "அவங்க அம்மாவா இருக்கும்" என்றார் அப்பா. நான் மேற்கொண்டு வாதிடவில்லை.

6. அப்பாவின் மனுவில் "நான் பணம் அனுப்பினேன்" என்று உள்ளது. அது தவறு. அப்பாவின் கண்ணாடி ஆட்டோவில் இருந்தது. அவரது ரகசிய எண் எனக்குத் தெரியும். எண்ணைப் போட்டு ரூ.14,000-ஐ அனுப்பியது நான். விதிகளை எழுதியதும் நான்தான். உதவி எண்ணில் கேட்டபோதும், உறவினர்கள் கேட்டபோதும் அப்பா, "நான்தாங்க போட்டேன்" என்றே சொல்லி வருகிறார். என்னைப் பார்க்காமல் சொல்கிறார். இந்த மனு எழுதுவது அவருக்குத் தெரியாது.

7. உடனே கூட்டத்தில் நடந்து வேங்கிக்கால் தடுப்பு வரை சென்றோம். அங்கு ஆறு வேன்கள் நின்றன. அவற்றில் இளநீர், பாய், தண்ணீர் கேன், அன்னதானப் பாத்திரங்கள் இருந்தன. மெஷின் இல்லை. அந்த நபர் போனை எடுக்கவில்லை. கிரிவலத்தில் நடக்கும்போது போன் எடுக்க மாட்டார்கள் என்று அப்பா கூறினார். பதினான்கு கிலோமீட்டர் நடக்க ஐந்து மணி நேரம் ஆகும். செருப்பு இல்லாததால் கூடுதலாகும், பிறகு தூங்குவார் என்று கணக்கிட்டு, மறுநாள் மதியம் வரை அவருக்கு அவகாசம் கொடுத்தோம்.

8. 13.05.2025 மதியம் இரண்டு மணிக்கு 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். பேசிய அம்மையார் மரியாதையாகப் பேசினார். அனுப்பியவுடனே அழைத்திருந்தால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம் என்றார். ஏன் தாமதம் என்று கேட்டார். அப்பா காரணத்தைச் சொன்னார். அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

9. மறுநாள் அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். மலை ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் மலையைப் பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். போனை மலைக்கு நேராகப் பிடித்தபடி வேங்கிக்கால் தெருக்களில் அப்பாவுடன் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஓரிடத்தில் படமும் மலையும் பொருந்தின. அந்த மாடியும் அங்கே இருந்தது. அப்பா தெருவில் நின்று, "யாருய்யா பரசுராமன், வெளிய வாய்யா!" என்று கத்தினார்.

வெளியே வந்தவர் திரு. சரவணகுமார். அவர் சொன்னது: "பரசுராமனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. அந்த மெஷின தை மாசமே செங்கத்துல ஒரு டெய்லருக்கு வித்துட்டேன். நான் போட்ட போட்டோவ எவனோ எடுத்துக்கினான். நீங்க மூணாவது ஆளு. மொதல்ல வந்தவரு இரும்பு கேட்ட ஒதைச்சாரு. அடுத்து வந்த அம்மா உக்காந்து அழுதாங்க. நீங்க என்னா பண்ணப் போறீங்க?"

அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் கொடுத்தார். அவரிடம் அப்பா மன்னிப்பும் கேட்டார். சாட்சி சொல்லத் தயார் என்று அவர் தன் எண்ணைக் கொடுத்துள்ளார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அவரது கேட்டும் இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

10. ஓவர்லாக் இல்லாததால் அம்மா ஓரங்களைக் கையால் தைக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று செட் முடிகிறது. இன்றுடன் இருபத்தேழு. மீதி நாற்பத்து மூன்று. மெஷினுக்குப் பணம் கட்டி ஏமாந்ததாகச் சொன்னதைப் பள்ளியில் நம்பவில்லை. "எல்லா டெய்லரும் இப்டி ஒரு கதை வச்சிருக்காங்க" என்று தாளாளர் அம்மா சொன்னாராம். 24.05.2025 சனிக்கிழமை காலை மீதித் துணியை எடுத்துச் செல்வதாகச் சொல்லி அனுப்பியுள்ளார்.

ஆகவே ஐயா, நான் வேண்டுவன:

பணம் சென்ற கணக்கையும் போன் எண்ணையும் விசாரிக்க வேண்டும். அதே விளம்பரம் இன்னும் செயலியில் உள்ளது, அதை நீக்கச் செய்ய வேண்டும். இன்று காலை பார்த்தபோது விலையில் ஐந்நூறு ரூபாய் குறைத்திருந்தார்கள்.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் ஒலிபெருக்கியில், நகை பத்திரம், குழந்தைகள் பத்திரம் என்று அறிவிக்கிறீர்கள். அதனுடன் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். எழுதியே வைத்திருக்கிறேன்: "பொருளைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். படத்தில் மலை தெரிகிறது என்பதற்காக அனுப்பாதீர்கள்."

எல்லாவற்றையும்விட அவசரமானது: எங்கள் புகார் உண்மையாகவே பெறப்பட்டது என்று முத்திரையிட்ட ஒரு தாள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும். பணம் தாமதமாக வந்தாலும், வராவிட்டாலும், அம்மா சொன்னது கதையில்லை என்று சனிக்கிழமை காலை காட்ட எங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். பணம் அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு நானே நேரில் வந்து இம்மனுவைக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளுக்காகக் காத்திருப்பேன்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 22.05.2025

உண்மையுள்ள,
கு. மணிமொழி

இணைப்பு: விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம், சுவரிலிருந்து எடுத்த மூன்று விதிகள்.

குறிப்பு: என் கையொப்பம் கோட்டை விட்டு இறங்கியிருப்பதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. இம்மனு அம்மாவின் கடையில் வைத்து எழுதப்பட்டது. வழக்கமாக அவர் ஒன்பது மணி வரை தைப்பார். இன்று ஏழு மணிக்கே மீதித் துணியை எண்ணி மூட்டையாகக் கட்டினார். நான் கையெழுத்திடும்போது விளக்குகள் அணைக்கப்பட்டன.