ஆத்தா முதல் அடியோடு நிற்கிறாள்

குடுமியான்மலை
12-11-1956

சிரஞ்சீவி நாகராசுக்கு அப்பா அடைக்கலம் எழுதுவது. பினாங்கில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அகிலாண்டேசுவரி காக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஐப்பசி நடவு முடிந்த அன்று உன் ஆத்தா அடுப்படியில் விழுந்துவிட்டாள். வலது பக்கம் வாதம், பேச்சும் போய்விட்டது. புதுக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிப்போங்க, பக்கத்திலே இருந்து பார்த்துக்கங்க என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன், பாதி கழுத்தில் வழிகிறது. தண்ணீர் என்றுகூட அவளால் கேட்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் அக்கா மருதாயி வந்து விளக்கேற்றினாள். விளக்கைக் கண்டதும் உன் ஆத்தா வாய் திறந்து, அந்திதோறும் உன்னோடு பாடிய அந்தத் தேவாரப் பதிகத்தின் முதல் அடியைப் பாடினாள், ஒரு சொல் பிசகவில்லை. மருதாயி அழுதுகொண்டே, ஆத்தாவுக்குப் பேச்சு வந்திருச்சுப்பா என்றாள். வரவில்லை. முதல் அடியோடு நிறுத்தி வாசலைப் பார்த்தாள். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது முதல் அடி அவள், மறு அடி நீ என்று பங்கு வைத்துத்தானே பாடுவீர்கள். உன் பங்கை அவள் வாயில் எடுத்ததே கிடையாது. நான் ஏர் அவிழ்த்து வருவதற்குள் முடித்துவிடுவீர்கள், அதனால் எனக்கும் தெரியாது, அப்போதே கட்டிக்கொடுத்துவிட்ட மருதாயிக்கும் தெரியாது. கோயில் ஓதுவாரைக் கூட்டிவந்து மறு அடியைப் பாடச் சொன்னேன். நல்ல குரல்தான். இவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் ஓர் அடி, அப்புறம் வாசல்.

நீ கப்பலேறுவதற்கு முன்னால், கல்லைப் பார்த்துப் பாடினா சோறு வருமா ஆத்தா என்று கேட்டுப் பாட்டை விட்டாய். அதற்கு இப்போது வழக்காட வரவில்லை. சாமி உண்டென்று நீ ஒப்புக்கொள்ள வேண்டாம், விபூதியும் பூச வேண்டாம். எந்தக் காலத்திலோ ஓர் அடியார் ஊர் ஊராக நடந்து பாடிவிட்டுப் போனது, மருந்துக்கு அசையாத நாக்கை அசைக்கிறது. கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. நீ வருவதற்குள் அந்த முதல் அடியும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கிடைக்கிற கப்பலில் புறப்பட்டு வா. கடல் காற்றில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள், வெறும் வயிற்றோடு இருக்காதே. நீ நூறாண்டு நன்றாயிருக்க வேண்டும். மறு அடி மறந்திருந்தால் கப்பலிலேயே ஞாபகப்படுத்திக்கொண்டு வா.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா அடைக்கலம்