ஃபெம்காவுக்கு நான் விற்ற பைக்

அன்புள்ள அம்மாவுக்கு, உட்ரெக்டிலிருந்து பிராய்ஸ். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் பைக் கடைக்கு ஃபெம்கா என்ற நர்ஸ் வந்தாள். லைசென்ஸ் வாங்கிய கையோடு பெரிய ரேஸ் பைக் கேட்டாள்.

"நான் புதுசா ஓட்டுறவ. உங்க தங்கச்சின்னா இதைக் குடுப்பீங்களா?"

"தாராளமா" என்றேன்.

மூன்றாம் நாளே மழையில் ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாகத் திருகி விழுந்துவிட்டாள். தோள்பட்டை எலும்பு முறிவுதான்; பயப்படாதீர்கள்.

நேற்று கட்டோடு வந்தாள். திட்டவில்லை.

"உங்களுக்கு நெஜமாவே தங்கச்சி இருக்காளா?"

"இருக்கா" என்றேன்.

தங்கச்சி இரியா பைக் கேட்டால் முதலில் சின்ன வண்டியே வாங்கிக் கொடுங்கள். எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டுத் தேன் ஒரு பாட்டில் அனுப்புங்கள்.

கடை திறக்க வேண்டும். அதே மாதிரி வண்டியைப் பார்க்க இன்று புதிதாக ஓட்டும் இன்னொருவர் வருகிறார். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். முதலாளி என்ன சொல்வாரோ.

உங்கள் பிராய்ஸ்