வங்காளத்தம்மாவுக்கு நான் சொல்லித்தராத வார்த்தைகள்

போடிநாயக்கனூர்,
பிரமாதீச வருஷம் ஐப்பசி மாதம்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

கல்கத்தாவில் இருக்கும் அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சுந்தரம்மாள் வணங்கி எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதினால் போதும் என்றார் ஐயா. நம் வீட்டில் சுகம்தான். ஆத்தாளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வெள்ளைப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. எதிர்வீட்டைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

ஆடி மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த வங்காளத்தாரைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். அவினாஷ் பாபு மலைப்பாதை அளக்கும் சர்வே உத்தியோகஸ்தர். அவர் சம்சாரம் ஹேமலதாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஹேமக்கா என்று கூப்பிடுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. சொந்த பாஷையிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பாபு மலையேறுவதற்கு முன் ஐயாவிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இன்று போடி, நாளை எந்த ஊரோ. ஊருக்கு ஒரு பாஷை அவளால் படிக்க முடியுமா? இங்கிலீஷ் தெரிந்தால் எங்கும் பிழைத்துக்கொள்வாள். உங்கள் மகளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்." பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்காரியான எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் எதிர்வீட்டுக்கு ஓடிவிடுவேன். பொருளைத் தொட்டு அதன் பெயரைச் சொல்வேன். பாட், லாம்ப், கௌ, ரெயின். அவள் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் பாஷைப் பெயரையும் சொல்வாள். நான் தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு சொல் வந்துவிட்டால் நாள் முழுக்க அதை விடமாட்டாள். நம் கோழியைப் பார்த்து அவள் "குட் மார்னிங்" சொன்னதை மூக்கம்மாள் சின்னம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஆத்தாள் மட்டும் ஒன்று சொல்லிவைத்தாள்: "ஏட்டி, புருசன் மலையில இருக்கான். அந்தப் பிள்ளை வாயில நல்ல சொல்லா வரட்டும். சாவு, போறது, இல்லைங்கிறதெல்லாம் சொல்லிக்குடுத்துத் தொலைக்காத." எனக்கும் அது சரியாகவே பட்டது. நாமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வர்றேன் என்றுதானே சொல்கிறோம்? அவர்களும் அப்படியேதானாம், பாபு சொன்னார். அதனால் நான் கிளம்பும்போதும் "கம்", வரும்போதும் "கம்". வீட்டில் உப்புத் தீர்ந்த அன்று ஹேமக்கா காலி ஜாடியோடு வந்து "சால்ட் கம்" என்றாள். ஆத்தாளுக்கு அவ்வளவு சந்தோஷம். அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்கிற நம் வழக்கம் அவளுக்குத் தானாகவே வந்துவிட்டதாம்.

செவ்வாய்க்கிழமை ராக்கையா மலையிலிருந்து இறங்கி வந்தார். பாபுவுக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள் அவர். எதிர்வீட்டுக்குப் போகாமல் நேரே நம் வீட்டுக்கு வந்து, பாபுவின் தகரப்பெட்டியையும் குடையையும் இறக்கிவைத்தார். மலைக்காய்ச்சலாம். டோலி கட்டிக் கீழே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள், ஆற்றில் வெள்ளம். "மேலேயே காரியத்தை முடிச்சுட்டோம் சாமி. மழையில விறகு பத்தமாட்டேன்னுருச்சு" என்று ஐயாவிடம் சொல்லி அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீதான அவுக கூடப் பேசுறவ. பக்குவமாச் சொல்லிரு தாயி" என்றார்.

எதை வைத்துச் சொல்வேன் அண்ணே? பானையும் விளக்கும் பசுவும் மழையும்தான் எங்களிடம் இருக்கின்றன.

சைகையால் சொல்லிவிடலாம் என்றார் ஐயா. மூக்கம்மாள் சின்னம்மா தடுத்துவிட்டாள். "சொல்லிட்டு? அவுக சாதியில தாலி கிடையாதாம். கையில கிடக்கிற சங்கு வளையல்தான் தாலியாம். அதை யாரு கழட்டுறது? எந்த நாள்ல கழட்டுறது? அழுதா கட்டிப்பிடிக்க ஒரு பிறந்தவ உண்டா இங்க?" என்று கேட்டாள். அவளுடைய மனிதர்கள் வரும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்று தெரு முடிவு செய்தது. அன்றிலிருந்து பெண்டுகள் அவளைக் கண்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். நான் மட்டும் தினமும் போய் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஸ்பூன்.

இன்று மத்தியானம் ஹேமக்கா நம் வீட்டுக்கு வந்தாள். பெட்டியை உள்ளே ஒளித்த நாங்கள் குடையை மறந்துவிட்டோம். அன்று காயவைத்த குடை கொல்லையில் விரித்தபடியே கிடந்தது. ஓடிப்போய் அதன் பிடியைத் தொட்டாள். "பாபு அம்பரெல்லா" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். "பாபு கம்?"

ஆத்தாள் அடுப்படியை விட்டு வரவில்லை. இருந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். "கம்" என்றேன்.

குடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். தலை குளித்து, வகிட்டில் புதுக் குங்குமம் வைத்து, மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். மலையிலிருந்து இறங்குகிறவருக்குத் தெரியட்டும் என்று வாசல் ஜன்னலில் தினமும் விளக்கு வைப்பாள். இன்று பொழுது சாய்வதற்கு முன்பே அதை ஏற்றி வைத்துவிட்டாள். எண்ணெய் ஊற்றச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊற்றினேன்.

அண்ணே, பெட்டி மூடியில் பாபுவின் பெயரும் கிருஷ்ணநகர் என்று ஊர்ப்பெயரும் இருக்கின்றன. அப்படியே வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆபீஸில் லீவு கேட்டாவது அங்கே போய் அவளுடைய அண்ணனையோ தகப்பனாரையோ கூட்டி வாருங்கள். அவர்களிடமிருந்து கடிதாசி மட்டும் வேண்டாம், இங்கே அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அவள் பாஷையில், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறவர்கள் வேண்டும். அதுவரை என்னால் தாங்க முடியாது. வெரசா வாருங்கள் அண்ணே. உங்களை அந்த மீனாட்சி நோயில்லாமல் காக்கட்டும். நல்ல சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மழையில் நனையாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை,
சுந்தரம்மாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தேன். தெருவில் யாரும் போகவில்லை, சத்தமும் இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு அணைந்திருக்கிறது. காற்றும் இல்லை அண்ணே. எண்ணெயும் தீர்ந்திருக்காது. போவதற்கும் தீர்ந்ததற்கும்கூட நாங்கள் "கம்" என்றுதானே சொன்னோம், அது நினைவு வந்து அவளேதான் அணைத்திருக்கிறாள்.