அப்பா ஏன் தியேட்டருக்கே போறார்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும், எனக்கு எந்நேரமும் அதே நினைப்புதான். உன் மெசேஜைப் படிச்சதிலேர்ந்து மனசே சரியில்லைடி. வேலை போனா போகட்டும், இன்னொண்ணு கிடைக்கும், உனக்கென்ன படிப்பில்லையா. ஆனா வேலை போயிடுச்சுப்பான்னு போன்ல சொன்னா அப்பா ரொம்ப சந்தோஷம்மான்னு சொல்லிட்டு வச்சுட்டார், அவ்வளவு தூரம் போகாதேன்னு சொன்னதைக் கேக்கலைன்னு இன்னுமா கோபம்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அன்னைக்கு சனிக்கிழமை, மனுஷன் தியேட்டருக்குக் கிளம்பி வாசல்ல நிக்கறார். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறதுன்னு நானும் செருப்பை மாட்டிக்கிட்டு கூடவே கிளம்பிட்டேன்.

நீ வாங்கி அனுப்பின டிவி பாதிச் சுவத்தை அடைச்சுக்கிட்டு ஜம்முனு இருக்கு. எனக்கு அதுதான் சொர்க்கம். காலை நீட்டிக்கலாம், வெங்காயம் உரிக்கலாம், குக்கர் விசில் அடிச்சா படத்தை நிறுத்திட்டுப் போயிட்டு வரலாம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துடுமேன்னு சத்தத்தை மட்டும் குறைச்சு வச்சுப்பேன். இவரோ வந்து உக்காருவார், ரெண்டு தடவை சிரிப்பார், கால் மணி நேரத்துல எழுந்து போயிடுவார். சனிக்கிழமை ஆனா அச்சாபீஸ்லேர்ந்து வந்ததும் வராததுமா சட்டையை மாத்திக்கிட்டு தியேட்டர், அதுவும் பார்த்த படத்தையே. பொண்ணு ஆசையா அனுப்பினதை மதிக்கலையேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கடுப்பு.

தியேட்டர்ல ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே போய் உக்கார்ந்தார். எனக்கு நெஞ்சே அதிருது, முன்னாடி ஒருத்தன் தலை மறைக்குது, பின்னாடி ஒருத்தன் என் சீட்டை உதைக்கறான். இதுக்கா இவர் அடிச்சுப் பிடிச்சு வர்றார்னு நினைச்சேன். அப்ப ஒரு காமெடி வந்துது. உங்கப்பா எனக்கு முன்னாடி சிரிச்சார் பாப்பா! வீட்டுல நான் சிரிச்சப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டுத்தானே சிரிப்பார், அது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இடைவேளையில அவர் பின்னாடி நின்னு மெதுவா கூப்பிட்டேன். திரும்பவே இல்லை.

கையைப் பிடிச்சு இழுத்து நேருக்கு நேரா கேட்டேன். முப்பது வருஷம் அந்த அச்சு மெஷின் பக்கத்துலயே நின்னா காது என்ன ஆகும்ங்கறார், ஏதோ பேனா தொலைஞ்சு போன மாதிரி. நீ பேசறது போன்ல வெறும் முணுமுணுப்பாத்தான் கேக்குதாம். என்ன சொல்றேன்னு தெரியாததால ஒரு நாள் சந்தோஷம்பாராம், ஒரு நாள் உடம்பைப் பாத்துக்கோம்பாராம், உடனே போனை என்கிட்ட கொடுத்துடுவாராம், நான் இல்லைன்னா வச்சுடுவாராம். காது கேக்கலைன்னு தெரிஞ்சா நீ அவர்கிட்ட பேசறதையே விட்டுடுவியோன்னு பயமாம். இவரை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது! நீ அன்னைக்குச் சொன்னது என்னன்னு அவர் காதுல கத்திச் சொன்னேன், அங்க நின்ன பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். மீதிப் படத்துக்கு உள்ளே வரலை. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன், என்ன பதில் சொன்னேன்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தார். ரொம்ப சந்தோஷம்னு சொன்னீங்கன்னு அதையும் கத்தித்தான் சொன்னேன். ராத்திரி சாப்பிடலை. நரைக்குச் சாயம் அடிக்கற மனுஷன், திங்கட்கிழமை காது டாக்டர்கிட்ட முதல் ஆளா போய் உக்கார்ந்துட்டார். காதுல மாட்டற மெஷின் வர பத்து நாள் ஆகுமாம்.

நீ மனசை விட்டுடாதே. சீக்கிரமே நல்ல வேலை அமைஞ்சு, நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும் என் தங்கம். காபியை மட்டும் குடிச்சுட்டு நாளை ஓட்டாதே. வீட்டு வாடகைக்குக் கஷ்டம்னா மறைக்காதே, இந்த வீட்டுல மறைச்சவரைக்கும் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே இருக்கறது அப்பா எழுதினது, மூணு தாளைக் கிழிச்சுட்டு.

பாப்பா, நீ சொன்னது என் காதுல விழலைம்மா. உன் மேல எனக்குக் கோபமே இல்லை. மெஷின் வந்த அன்னைக்கு நானே கூப்பிடறேன். என்ன ஆச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லு. நீ சொல்லி முடிக்கற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்.