பரிசோதனை மேசையில் நீ நிற்காத நாள்

சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு பொன்னாடை கிடக்கிறது. மூன்று நாளாகிறது. என் வீட்டில் ஒரு கைத்துண்டுகூட மடிக்காமல் கிடந்ததில்லை. இதை மடிக்க மட்டும் கை போகவில்லை. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம். "தொழில்நுட்பத் துறையில் பெண்களுக்கு வழி திறந்தவர்" என்று என் பெயருக்குக் கீழே பொறித்திருக்கிறார்கள்.

குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கொடுத்தார்கள். வேலை இடங்களில் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்பது கருத்தரங்கின் பொருள். நம் முதலாளியின் மகன்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நம்மைப் போன்ற சின்னக் கம்பெனிகளில், ஒரு பெண்ணைத் தரப் பரிசோதனைக்கு வைத்தது நாம்தான் முதலில், வைத்தது நான்தான் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அந்தக் காலத்தில் ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதிய பாராட்டுக் கடிதம் இன்னும் அவர் அறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறதாம்.

அழைப்பை ஏற்றுக்கொண்டபோது நீ உயிரோடு இருக்கிறாய் என்றே நினைத்திருந்தேன். உன்னைத் தேடிப் பிடித்து, முன்வரிசையில் உட்காரவைத்து, "இதோ, இவர்தான்" என்று காட்டலாம் என்றுகூட யோசித்தேன். அதுவும் என் அலங்காரத்துக்காகத்தான். விழாவுக்கு நான்கு நாள் முன்பு நம் ஃபோர்மேனுக்குப் போன் செய்து உன் நம்பரைக் கேட்டேன்.

"அந்தம்மா தவறிட்டாங்களே மேடம். போன மழைக்கு முன்னாடியே. சுகரு. பம்மல்லதான் எடுத்தாங்க, நான் போயிருந்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார்.

யார் சொல்வார்கள்? என் கணவர் இறந்தபோது நீ கம்பெனி வேனில் முதல் ஆளாகச் சிட்லபாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாய். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அழுது அழுது மங்கிப் போயிருந்த என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, உன் முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாய். உன் சாவு எனக்கு ஒரு மழைக்காலம் கழித்து, போனில், வேறொரு பேச்சுக்கு நடுவே தெரிகிறது.

நீ வேலைக்குச் சேர்ந்த நாள் எனக்கு நினைவில்லை. புஷ் என்கிற பித்தளைக் குழல் வளையங்களில் பிசிறு எடுக்க நாலைந்து பெண்களைச் சேர்த்தோம். அவர்களில் நீ ஒருத்தி. நாள் முழுக்க அரத்தைப் பிடித்து ஓரங்களை மழுக்கும் வேலை. ஒரு நாள் ஃபோர்மேன் என் அறைக்கு வந்து, "மேடம், அந்தம்மா விரலால தடவியே மூணாம் நம்பர் லேத்து மிசின் அளவ ஏத்தி வெட்டுதுன்னு சொல்லுச்சு. அளந்து பாத்தேன், நிஜந்தான்" என்றார். மயிரிழை அளவையும் காட்டும் மைக்ரோமீட்டரைப் பிடிக்க அவரே உனக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு வருடத்துக்குள் பரிசோதனை மேசை உன்னுடையதாகிவிட்டது. நீ பார்த்து நகர்த்தாத பெட்டி எதுவும் வாசலைத் தாண்டவில்லை.

ஆனால் வருகைப் பதிவேட்டில் நீ ஹெல்பர். நிர்வாக மேலாளர் என்ற முறையில் அந்தப் பதிவேடு என் கையில் இருந்தது. உன் பதவியை மாற்றச் சொல்லி ஃபோர்மேன் இரண்டு முறை கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

என்ன பார்ப்பது? உன் பேச்சுதான் எனக்கு உறுத்தியது. "மேடம், ரெண்டு பொட்டி ரிஜெக்டு கீது" என்பாய். "இருக்கு என்று சொல்லிப் பழகு" என்பேன். "இருக்கு மேடம், இருக்கு. இங்க இருக்கு, வூட்டாண்ட போனா கீது" என்று நீ சொன்னதும் லேத்துக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது என்னையும் "டைப்பிஸ்ட் பொண்ணு" என்றுதான் கூப்பிட்டார்கள். கான்வென்டில் கற்ற ஆங்கிலத்தை வைத்துத்தான் நான் மேடம் ஆனேன். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் முதலாளியே எழுந்து என் மேசைக்கு வருவார். ஐம்பது ஆண்கள் இருந்த இடத்தில் மரியாதை பெற்ற ஒரே பெண்ணாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேறு ஒரு பெண், நான் படித்ததைப் படிக்காமலே, நான் பட்டதைப் படாமலே, வெறும் விரல் நுனியால் அங்கே ஓர் இடம் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்த ஆய்வு வந்தது. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு பேர் நேரில் வருவதாகக் கடிதம். தொழில்நுட்ப வேலையில் உங்களிடம் எத்தனை பெண்கள், அவர்களுடன் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "மேடம், நீங்க பாத்து ஏற்பாடு பண்ணிடுங்க. நமக்குப் பெரிய ஆர்டர்."

நான் ஏற்பாடு செய்தேன். கணக்குப் பிரிவில் ஷீலா இருந்தாள். பட்டப்படிப்பு, நல்ல ஆங்கிலம், எடுப்பான முகம். பரிசோதகர் போல மேசையில் நிற்க அவளுக்கு ஒரு நீலக் கோட்டு தைக்கச் சொன்னேன். முந்தின நாள் மாலை உன்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாள் நீ மேசையில் நிற்க வேண்டாம். பேக்கிங்கில் இரு" என்றேன்.

"ஏன் மேடம்? நா இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள்."

"கேட்டா கேக்கட்டும். நீங்க கூடத்தானே நிப்பீங்க? நா சொல்றத நீங்க இங்கிலீசுல சொல்லுங்க."

எவ்வளவு சுலபமான வழி! எனக்கு அது தோன்றவே இல்லை என்று இத்தனை வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டு வந்தேன். நீதான் சொன்னாயே, என் முகத்துக்கு நேரே. ஐம்பது பேர் முன்னால் உன் வாய்ச்சொல்லை எடுத்துச் சொல்லும் ஆளாக நான் நிற்க வேண்டுமா என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். "சொன்னதைச் செய்" என்றேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். ஷீலா அழகாகப் பேசினாள். அவர்களில் மூத்தவர் ஒரு புஷ்ஷை எடுத்துக் கொடுத்து, அளந்து காட்டுங்கள் என்றார். அவள் பயத்தில் மைக்ரோமீட்டரை இறுக்கி முறுக்கினாள். அளவு குறைவாக வந்தது. இன்னொரு முறை, இன்னும் குறைவு. அவர் தன் சகாவைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் நீ ஒரு தட்டு புஷ்களைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் வந்தாய். உனக்கு அங்கே வேலையே இல்லை.

"பாப்பா, கோழிக் கழுத்தா அது? அப்டி முறுக்கற. பின்னாடி குமிழ் கீது பாரு, அத்தப் புடிச்சித் திருப்பு. டிக்கு டிக்குன்னு மூணு வாட்டி சத்தம் வந்தா வுட்டுடு."

ஷீலா அப்படியே செய்தாள். அளவு சரியாக வந்தது. மூத்தவர் புன்னகைத்து, உன்னைக் காட்டி, இவர் யார் என்று என்னிடம் கேட்டார்.

இங்கே கிளீனிங் வேலை செய்பவர் என்று சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக.

நீ தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். சாயங்காலம் டீ நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றாய். "கிளீனிங்னா இன்னான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினீங்களா மேடம்? எங்க வூட்ல கக்கூசு கழுவுற பாட்டில் மேலயே எய்திகீது" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தாய். அந்தக் கௌரவத்தையும் நீதான் எனக்குக் கொடுத்தாய்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது. உங்கள் பெண் பரிசோதகருக்கு ஆறு வாரப் பயிற்சி தருகிறோம், சான்றிதழ் உண்டு, பெயரை அனுப்புங்கள் என்று. கம்பெனி முழுக்க விஷயம் பரவிவிட்டது. நீ என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாய்.

"என் பேர குடுப்பீங்களா மேடம்?"

"வகுப்பு முழுக்க ஆங்கிலம். உனக்கு ஒன்றும் புரியாது."

"மிசினு இன்னா இங்கிலீசுலயா பேசுது? என்னாண்ட நல்லாத்தான் பேசுது."

ஷீலாவே என்னிடம் வந்து, "மேடம், எனக்குக் கணக்குதான் தெரியும். அக்காவ அனுப்புங்க, பாவம்" என்றாள். ஆனால் வந்தவர்கள் மேசையில் பார்த்தது ஷீலாவை. உன் பெயரை எழுதினால் என் பொய்யை நானே ஒப்புக்கொண்டதாகும். ஷீலா போனாள். சான்றிதழோடு திரும்பி வந்து, புரியாத இடங்களை உன்னிடம் கேட்டுக்கொண்டாள். ஒரு வருடத்தில் அதே சான்றிதழைக் காட்டி ஒரகடத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேசை மறுபடி உன்னிடம் வந்தது. நீ வேலையை விடும் நாள் வரை பதிவேட்டில் ஹெல்பர்தான். என் கையெழுத்தில்.

கல்லூரியில் என்ன பேசினேன் என்று சொல்ல வேண்டும். உன் சாவு தெரிந்தபிறகு, தயாரித்து வைத்திருந்த உரையைக் கிழித்துப் போட்டுவிட்டு உன் கதையைத்தான் சொன்னேன். விரல் நுனி, லேத்து, மைக்ரோமீட்டர், கிளீனிங் என்ற அந்த ஒரு வாக்கியம், எல்லாம். ஒன்றைத் தவிர. "எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் ஒரு மேலாளர்" என்று ஆரம்பித்தேன். கடைசிவரை அந்த மேலாளர் வேறு யாரோவாகவே இருந்தார்.

நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அந்த மேனேஜர் இப்ப இருக்காங்களா?"

"இருக்காங்க. இங்க பக்கத்துலதான்."

அரங்கம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "அவங்களுக்குத்தான் மேடம் முதல்ல டிரைனிங் குடுக்கணும்!" என்று கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள்.

என்னை வீட்டில் விட ஒரு மாணவி காரில் கூட வந்தாள். கீர்த்தனா என்று பெயர். விழா மலரைத் தொகுப்பவளும் அவள்தானாம். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நின்றிருந்தபோது, "மேடம், எங்கம்மாவும் ஒரு கம்பெனில ஹெல்பர்தான். பன்னெண்டு வருஷமா" என்றாள். அவள் வேறெதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. என்னால்தான் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அந்த மேனேஜர் நான்தாம்மா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிட்லபாக்கம் ஏரியைத் தாண்டும்போது, "மேடைல ஏன் மேடம் சொல்லல?" என்று கேட்டாள்.

"பயம்."

"எங்களப் பாத்தா?"

அதற்குள் கார் என் வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் இறங்கி எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள். பரவாயில்லை மேடம் என்றோ, அந்தக் காலம் அப்படி என்றோ ஒன்றும் சொல்லவில்லை. "வரேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சின்னப் பெண்ணிடமிருந்து எனக்குக் கிடைத்த நேர்மையான மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

நேற்று காலை அவளிடமிருந்து உரையின் தட்டச்சுப் பிரதி வந்தது. மலருக்குப் போகிறது, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள் என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து "ஒரு மேலாளர்" என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு "நான்" என்று எழுதினேன். இரண்டு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதலாளியின் மகன் படிப்பார். என் தேவாலயச் சபையில் படிப்பார்கள். என் பிள்ளைகள் படிப்பார்கள். உன் பெயரை முழுதாக, தரப் பரிசோதகர் என்ற பதவியோடு எழுதினேன். பதிவேட்டில் அது ஒரு வரி. அன்றைக்கு எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அனுப்பிவிட்டேன். மனம் லேசாகவில்லை. ஆகும் என்று எதிர்பார்த்ததும் தவறு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ ஏதாவது வேடிக்கை பேசி என்னை விட்டுவிடுவாய்.

உரையில் எழுதாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த மனிதர் இவர் யார் என்று கேட்டாரே, அப்போது நீ போகவில்லை. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்றாய். கேள்வி உனக்குப் புரிந்திருந்தது. உன்னை யார் என்று நான் சொல்லப்போவதைக் கேட்க, என் முகத்தையே பார்த்தபடி, லேசாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தாய். நான் வாயைத் திறக்கும்வரை இருந்த அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது.