பென்சில் படாத பிரசங்கம்

பிப்ரவரி 6

கர்த்தருக்குள் அன்பான அக்கா,

ஸ்தோத்திரம். முட்டிவலி தேவலையா? மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே மருந்து சாப்பிடாமல் இருக்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

பதினேழாம் தேதிப் பிரசங்கம் இத்துடன். வழக்கம்போல் பென்சிலால் திருத்தி அனுப்பு. இந்தமுறை பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது, பெண்கள் உபதேசம் செய்யக் கூடாது என்கிற பகுதி. நானாக எடுக்கவில்லை. எங்கள் சபையில் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்தும் தையல்காரம்மாவை நிறுத்தச் சொல்லி மூப்பர்கள் நெருக்குகிறார்கள். "பொம்பளை சொல்லி நாங்க கேக்கணுமா ஐயா?" என்று பெரிய மூப்பர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

மூன்றாம் பக்கம் கொஞ்சம் நொண்டுகிறது. நீதான் பார்க்க வேண்டும்.

உன் தம்பி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

பிரசங்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சில் படவில்லை. பெண் ஆணுக்குப் போதிக்கக் கூடாது என்று எழுதிவிட்டு, அதைத் திருத்தித் தரச் சொல்லி அக்காவுக்கே அனுப்புகிறவனை என்னவென்று சொல்ல? முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அந்த வசனம் எனக்கும் வேதம்தான்டா. கிழித்தெறிய என்னால் முடியாது. மருந்துச் சீட்டு வந்தால் யாருக்கு, எந்த நோய்க்கு என்று பார்ப்போம். இந்த வசனமும் தீமோத்தேயு இருந்த சபையின் நோய்க்கு எழுதியது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். பவுல் ஆதாம் ஏவாள்வரை போய் நியாயம் சொல்கிறாரே என்று மறுபடி உறுத்தும். எனக்குப் பதில் தெரியாது. நீதான் நாலு பக்கத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறாய்.

அம்மா வேலைக்குப் போனதும் உன்னை மடியில் வைத்து ஜெபம் சொல்லித் தந்தது நான். வேதாகமக் கல்லூரிப் பரீட்சைக்கு உன்கூட உட்கார்ந்து படித்ததும் நான். எந்தப் பிறந்தநாளில் நீ, நான் போதிக்கக் கூடாத ஆண்பிள்ளை ஆனாய்? எந்த நாளில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்? அதை எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

உனக்கு அனுப்பியது பழக்கதோஷம். மன்னித்துக்கொள். ஆனால் நீ கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இந்த வீடு சபையுடையது. பிள்ளைகள் படிப்பதும் சபையின் பள்ளிக்கூடத்தில். மூப்பர்களைப் பகைத்துக்கொண்டு நான் எங்கே போக? நீ திருத்தாவிட்டாலும் ஞாயிறன்று இதைத்தான் பிரசங்கிக்கப் போகிறேன்.

தம்பி

பிப்ரவரி 18

அக்கா,

பிரசங்கித்தேன், மூன்றாம் பக்கம்வரை. அங்கே வந்ததும் பழக்கத்தில் ஓரத்தில் உன் எழுத்தைத் தேடினேன். வெறும் தாள். எனக்கே நம்பிக்கை இல்லாத வாக்கியத்தை அத்தனை பேர் முன்னால் வைத்துக்கொண்டு நின்றேன். "இதுக்கு மேல எனக்குத் தெரியல. தெரியாததை வச்சு ஒருத்தரை நிறுத்த மாட்டேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய மூப்பர் வாசலில் கை கொடுக்கவில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பற்றிப் பேசக் கூடுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கேட்ட பிறந்தநாளை யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாள் வரவே இல்லை அக்கா.

வரும் ஞாயிறு பிரசங்கம் இத்துடன். திருத்துவாயா?

தம்பி

பிப்ரவரி 21

என் அருமைத் தம்பிக்கு,

"எனக்கு வேதம் சொல்லித் தந்தது என் அக்கா, என் பிரசங்கங்களை இன்றுவரை திருத்துவதும் அவள்தான்" என்று ஆரம்பித்திருக்கிறாய். கடைக் கல்லாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் என் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

அந்த வரியைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் பென்சிலால் ஒரு வழி பண்ணியிருக்கிறேன். மூன்றாம் பக்கம் இந்தத் தடவையும் நொண்டிதான்.

வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. இரண்டு அறைதான். நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளலாம்.

முதல் வரியைச் சொல்லும்போது குரலை விழுங்காதே. பயந்தால் உனக்குக் குரல் உள்ளே போய்விடும். கடைசி பெஞ்சுவரை கேட்க வேண்டும். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா