ஊற்று மேற்குச் சரிவில்தான், அப்பா

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

உங்கள் வருஷத் திதிக்கு ராஜபாளையம் வந்த நான், மூன்று நாளாக உங்கள் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தேன். நீங்கள் வரைந்த அந்த மலை வரைபடத்தைக் கண்ணில் படுகிற மாதிரி வைத்தால் என்ன?

நான் நர்ஸாக இருக்கும் இங்கிலாந்து மலையூருக்கு மூன்று மாதம் தங்க வந்தீர்கள். நாற்பது வீடு, ஒரு தேவாலயம், மிச்சமெல்லாம் ஆடுகளும் மூடுபனியும். மற்ற அப்பாக்கள் டி.வி. பார்ப்பார்கள். நீங்களோ ராணுவத்தில் நிலம் அளந்த பழக்கத்தில் மலை முழுக்க நடந்து அளந்து வரைபடம் போட்டீர்கள். தேவாலய வாசலில் இருந்த ஊர் வரலாற்றுப் பலகையே தப்பு என்றீர்கள். அந்தக் காலத்து ஈயச் சுரங்கத் தொழிலாளிகள் தண்ணீர் எடுத்த ஊற்றை அதில் கிழக்குச் சரிவில் காட்டியிருந்தார்கள்.

"இடிஞ்ச வீடு அம்புட்டும் மேற்க கெடக்கு. தண்ணி இல்லாத பக்கம் எவனாச்சும் வீடு கட்டுவானா ஏட்டி?"

"அது அவங்க ஊருப்பா. நமக்கெதுக்கு? செத்த நேரம் சும்மா இருங்க."

கேட்டீர்களா? பலகையை எழுதிய பெரியவரின் வீட்டுக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மூச்சில் அவர் எழுதியது தப்பு என்றீர்கள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இந்தக் கோடையில் அங்கே மழையே இல்லை. மலை முழுக்கப் புல் காய்ந்தும் மேற்குச் சரிவில் ஒரு திட்டு மட்டும் பச்சையாகவே நின்றதாம். தோண்டினால் கல்தொட்டி. அதில் தண்ணீர்! நான் இங்கே வந்த பிறகு பெரியவரே எனக்குப் போன் செய்தார். பலகையை மாற்றப்போகிறார்களாம், அதற்கு நீங்கள் வரைந்த படம் வேண்டுமாம்.

இன்று காலைதான் அம்மா வாயைத் திறந்தாள். "அவிய மெத்தைக்கு அடியில பாத்தியா?"

அங்கேதான் இருந்தது படம். லேமினேட் வேறு செய்திருக்கிறீர்கள். அத்தனையும் தமிழில். இனி ஒவ்வொரு எழுத்தையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். எல்லா அளவும் 'மகள் வீட்டிலிருந்து' என்றே ஆரம்பிக்கிறது. அதைப் பார்த்தபிறகு எப்படித் திட்டுவது?

ஒன்று சொல்ல வேண்டும். அன்று பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது, நீங்கள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், "அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள்" என்று அவரிடம் சொன்னேன். உங்கள் காதில் விழுந்ததா? அதற்குப் பிறகு ஊற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருக்கலாமே, அப்பா.

அடுத்த வாரம் படத்தோடு கிளம்புகிறேன். அதைப் பெரியவர் கையில் கொடுத்து, அன்று கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். இது உறுதி.

உங்கள் பேச்சைக் கேட்காத மகள்,
செல்வி